ஓர் இருக்கையின் விலை 53 லட்சமா?

4 அக்டோபர் 2025, மாலை

இழையைத் தொடங்கியவரின் கேள்வி: "2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்குக் கத்தார் 22,000 கோடி டாலர் செலவழித்ததாகச் சொல்கிறார்கள். மைதானத்துக்கு வந்தவர்கள் மொத்தம் 34 லட்சம். வகுத்தால் ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 65,000 டாலர், அன்றைய மதிப்பில் 53 லட்சம் ரூபாய். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்னொரு நாடு செய்யுமா? அடுத்த ஆண்டு அமெரிக்கா போய்ப் பார்க்க ஆசை. அதற்கு எவ்வளவு ஆகும்?"

4 அக்டோபர் 2025, இரவு 9.40

வகுத்தது சரிதான். எதை வகுத்தீர்கள் என்பதில்தான் கோளாறு.

2013 முதல் 2023 வரை தோஹாவில் இருந்தேன். ஏசியின் குளிர்காற்றுக் குழாயான டக்ட் பொருத்தும் ஒரு துணை ஒப்பந்தக் கம்பெனியில் முதலில் ஸ்டோர் பொறுப்பு, பிறகு பில் போடும் வேலை. அந்த 22,000 கோடிக்குள் மெட்ரோ இருக்கிறது, நெடுஞ்சாலைகள் இருக்கின்றன, ஹோட்டல்கள் இருக்கின்றன, மணலில் எழுப்பிய லுசைல் என்ற முழு நகரமே இருக்கிறது. மெட்ரோவுக்கு மட்டும் 3,600 கோடி டாலர் என்பார்கள். மகள் கல்யாணத்தை முன்னிட்டு வீட்டுக்கு மாடி எடுத்தவர், மாடிச் செலவையும் பந்தியில் சேர்த்து "ஓர் இலைக்கு முப்பதாயிரம் ஆயிற்று" என்று புலம்புவது போல இருக்கிறது தம்பி உங்கள் கணக்கு. கல்யாணம் முடிந்தாலும் மாடி நிற்கும். வாடகைக்கு விடலாம்.

5 அக்டோபர், காலை

மைதானங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டு. ஏழு புதியவை, கலீஃபா மட்டும் பழையதைப் புதுப்பித்தது. இவற்றுக்கு ஆன செலவை 650 கோடி டாலரிலிருந்து 1,000 கோடி வரை சொல்கிறார்கள். 34 லட்சத்தால் வகுத்தால் ஓர் இருக்கைக்கு 1,900 முதல் 2,900 டாலர். ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல், இரண்டரை லட்சத்துக்குள்.

53 லட்சம் எங்கே, இது எங்கே.

5 அக்டோபர், மதியம்

ஒன்றை விட்டுவிட்டேன். 2024 ஜனவரி, பிப்ரவரியில் ஆசியக் கோப்பையும் பெரும்பாலும் இதே மைதானங்களில்தான் நடந்தது. 15 லட்சம் பேர் வந்தார்கள். வகுக்கும் எண் பெருத்தால் இருக்கையின் விலை இன்னும் இறங்கும். அந்தக் கோப்பையைக் கத்தாரே வென்றது. 2022இல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறிய அதே நாடு. ஒரு தோல்விக்கு எத்தனை கோடி என்று தயவுசெய்து யாரும் வகுக்க வேண்டாம்.

11 அக்டோபர், இரவு

ஒரு வாரமாக யோசித்ததில் என் மாடி உவமையில் ஓட்டை இருப்பது தெரிகிறது. நிதானமாகக் கட்டும் மாடிக்கு ஒரு விலை, பத்திரிகை அடித்துவிட்டுக் கட்டும் மாடிக்கு வேறு விலை.

2010 டிசம்பர் 2 அன்று சூரிக் நகரத்தில் கத்தாரின் பெயரை அறிவித்தார்கள். 2022 நவம்பர் 20 முதல் ஆட்டம். இடையில் வானமே இடிந்து விழுந்தாலும் அந்தத் தேதி நகராது. இது ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், லாரிக்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு எவன் விலையைக் குறைப்பான்? 2017 தொடக்கத்தில் அந்நாட்டு நிதியமைச்சரே வாரத்துக்கு 50 கோடி டாலர் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

அதே ஆண்டு ஜூன் 5 அன்று காலையில் சவுதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. தரைவழி எல்லை அடைபட்டது. எங்கள் சரக்கு அன்று துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இருந்தது. 14 மரப்பெட்டிகள், உள்ளே ஃபயர் டாம்பர்கள். தீப்பிடித்தால் டக்டைத் தானாக அடைத்துக்கொள்ளும் தகட்டுக் கதவுக்கு அப்படிப் பெயர். அது பொருத்தப்படாமல் தீயணைப்புத் துறை ஒப்புதல் தராது. ஒப்புதல் வராமல் கூரைப் பலகை மாட்ட முடியாது. கூரைப் பலகை மாட்டாமல் எங்கள் பில் நகராது. லாரியில் சவுதி வழியாக மூன்று நாளில் வந்திருக்க வேண்டிய சரக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அதே டாம்பர்களை வேறு இடத்தில் புதிதாக வாங்கி விமானத்தில் வரவழைத்தார்கள். பொருளின் விலையைவிட விமானக் கூலி அதிகமாக இருந்த பில்லை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தியவனும் நான்தான். கையெழுத்துப் போடுவதற்குள் மேலாளர் மூன்று முறை கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பழைய 14 பெட்டிகளும் ஓமானின் சோஹார் துறைமுகம் வழியாக ஐந்து மாதம் கழித்து வந்து சேர்ந்தன. வேலை முடிந்துவிட்டிருந்தது. நான் ஊர் திரும்பும்வரை அவை ஸ்டோர் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் சும்மா கிடந்தன.

அந்தச் செலவு எதன் தலையில்? எங்கள் வேலை ஒரு ஹோட்டலில். ஹோட்டல் எப்படியும் கட்டியிருப்பார்கள். ஆனால் அவசரம் கோப்பையுடையது. ஆகவே 22,000 கோடியும் கோப்பைச் செலவு என்று நீங்கள் எழுதியதும் தவறு, மைதானம் மட்டும்தான் என்று நான் எழுதியதும் தவறு. அவசரத்தின் விலை எந்த ஏட்டிலும் தனி வரியாக ஏறாது.

12 அக்டோபர்

கேட்கிறார்கள், ஆம், பசுக்கள் விமானத்தில் வந்தது உண்மைதான். முற்றுகையில் பால் நின்றதால் 2017 ஜூலையில் கறவை மாடுகளை விமானத்தில் இறக்கினார்கள். எங்கள் டாம்பர் வந்த அதே வாரமா என்று தெரியாது. பக்கத்து இருக்கையாக இருந்திருந்தால் சந்தோஷம்.

19 அக்டோபர், ஞாயிறு

"பார்க்கப் போக எவ்வளவு ஆகும்" என்ற பாதிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு உதவாது.

நான் பார்த்தது ஒரே ஆட்டம். 2022 நவம்பர் 28, பிரேசிலும் சுவிட்சர்லாந்தும், 974 மைதானம். கத்தாரில் வசிப்பவர்களுக்கு மட்டும் நான்காம் வகுப்பு டிக்கெட் ஒன்று இருந்தது. முதல் சுற்று ஆட்டத்துக்கு 40 ரியால், அன்றைக்கு ஏறத்தாழ 900 ரூபாய். வெளியூர்க்காரர்களுக்கு மூன்றாம் வகுப்பே 250 ரியால், முதல் வகுப்பு 800. போட்டியைப் பார்க்க எடுக்கும் ஹய்யா அட்டை இருந்தால் மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். டிக்கெட் 40 ரியால், அரங்குக்குள் ஆல்கஹால் இல்லாத பீர் 30 ரியால். உண்மையான பீரை அரங்கங்களைச் சுற்றி விற்கக் கூடாது என்று முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அறிவித்துவிட்டார்கள். ரசிகர் திடலில் அரை லிட்டர் 50 ரியால். டிக்கெட்டைவிட பீர் விலை கூடுதலாக இருந்த உலகக் கோப்பை அது.

974 என்பது கத்தாரின் தொலைபேசிக் குறியீட்டு எண். கட்டுவதற்கு எடுத்த கப்பல் கன்டெய்னர்களும் 974. எட்டு மைதானங்களில் குளிரூட்டல் இல்லாதது இது ஒன்றுதான், அதனால் இங்கே எல்லாம் இரவு ஆட்டங்கள். பத்து ஆண்டு டக்ட் தொழிலில் இருந்தவன் போய் உட்கார்ந்தது டக்டே இல்லாத மைதானத்தில். மற்ற அரங்குகளில் இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று கணுக்காலில் பட்டதென்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் கடற்காற்று. படியெல்லாம் இரும்பு. மஞ்சள் சட்டைக்காரர்கள் சேர்ந்து குதித்தபோது என் முழங்கால்வரை அதிர்ந்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு விளக்குகள் அணைந்து சில விநாடிகளில் மீண்டும் எரிந்தன. கூட்டம் "ஓ" என்று கூவியது. எனக்கு ஒரு நிமிடம் ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. வினிசியஸ் போட்ட கோல் ஆஃப்சைடு என்று போயிற்று. 83ஆவது நிமிடத்தில் காசெமிரோ அடித்தார். திரும்பும் வழியெல்லாம் வழிகாட்டும் பணியாளர்கள் "மெட்ரோ? திஸ் வே" என்று நுரைக் கையை ஆட்டிக்கொண்டே பாடினார்கள், ஒரு வாரம் காதிலேயே இருந்தது.

மொத்தச் செலவு: டிக்கெட் 40, தண்ணீரும் ஏதோ தின்பண்டமும் 35. ஆக 75 ரியால். இதைவிட மலிவாக உலகக் கோப்பையைப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

20 அக்டோபர்

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன். பொய் எழுதியிருக்கிறேன்.

2022 செப்டம்பர்வரை தோஹாவின் மன்சூரா பகுதியில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் போடும் இடம், தலைக்கு மாதம் 700 ரியால். அந்த மாதக் கடைசியில் கட்டட உரிமையாளரின் ஆள் வந்து இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொன்னார். காரணம் கேட்டதற்கு "மராமத்து" என்றார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல கட்டடங்களை அந்த மாதங்களில் காலி செய்தார்கள். வெளிநாட்டு ரசிகருக்கு ஓர் இரவுக்கு விட்டால் வருவது எங்கள் ஒருவரின் மாத வாடகை. நாங்கள் தோஹாவுக்கு வெளியே வக்ராவுக்குப் போனோம். தலைக்கு 950. அடுத்த பிப்ரவரிவரை ஐந்து மாதம் அப்படிக் கொடுத்தேன். 250 பெருக்கல் ஐந்து, 1,250. அதோடு 75.

ஆக அந்த ஆட்டத்துக்கு எனக்கு ஆன செலவு 1,325 ரியால். டிக்கெட் வாங்காதவனும் 1,250 கட்டினான். பிரேசிலைப் பார்த்தது 75 ரியாலுக்கு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர்

"தொழிலாளர் செலவைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்" என்று ஒருவர் சற்றுக் காரமாகவே கேட்டிருக்கிறார். பேசாமல் இருந்தேன் என்பது உண்மை.

எங்கள் ஸ்டோரில் எனக்கு உதவியாக இருந்தவர் அரியலூர்க்காரர். 2016இல் ஏஜென்டுக்கு 1,10,000 ரூபாய் கொடுத்து வந்தார். மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். ஊரில் சொன்ன சம்பளம் 1,200 ரியால், வந்து கையெழுத்துப் போட்ட தாளில் 900. கடன் அடையவே ஒன்றரை ஆண்டு. அதாவது அவர் வாழ்க்கையில் ஒன்றரை ஆண்டு உழைப்பு, வேலைக்கு வரும் கட்டணமாகப் போயிற்று. தொழிலாளியிடம் இந்தக் கட்டணம் வாங்குவதைக் கத்தார் சட்டம் தடுக்கிறது. ஆனால் பணம் கைமாறுவது அரியலூரில்.

மைதானத் திட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு, ஏற்பாட்டுக் குழு ஒப்பந்தக்காரர்களை வற்புறுத்தி இந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வைத்தது. அது நல்ல ஏற்பாடு. நாங்கள் இருந்தது ஹோட்டல் வேலையில், ஆகவே இல்லை. கோப்பைச் செலவில் எதைச் சேர்ப்பது என்ற முந்தைய சண்டை இங்கே வேறு உருவில் வருகிறது பாருங்கள். பெருமை பேசும்போது மெட்ரோவும் ஹோட்டலும் கோப்பைக்காக. பணம் திருப்பித் தரும்போது எட்டு மைதானம் மட்டும் கோப்பை.

குறைந்தபட்சக் கூலி 2021 மார்ச்சில் வந்தது: மாதம் 1,000 ரியால், தங்குமிடமும் உணவும் தராத கம்பெனி 500, 300 என்று கூடுதலாகத் தர வேண்டும். அரியலூர்க்காரருக்கு 100 ரியால் ஏறியது. அந்த மாதம் ஸ்டோருக்கு எல்லோருக்கும் கராக் டீ வாங்கினார்.

இறந்தவர்கள் கணக்கு: பத்து ஆண்டுகளில் தெற்காசியர் 6,500 பேர் என்று ஓர் ஆங்கில நாளிதழ் 2021இல் எழுதியது, அது எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட மரணம். கோப்பை நடந்துகொண்டிருந்தபோது ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 400க்கும் 500க்கும் இடையில் என்றார். இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை. எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் ஒருவர், தர்மபுரிப் பக்கம், 34 வயது, இரவு சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சான்றிதழில் இயற்கை மரணம். இயற்கை என்றால் நஷ்டஈடு இல்லை. தலைக்கு 20, 50 என்று வசூலித்து அனுப்பினோம். பட்டியல் எழுதியது நான்தான், ஸ்டோர் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்.

27 நவம்பர்

நேற்று 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இழை உடனே அரசியலுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

2010இல் டெல்லியில் நடந்தபோது தொடக்க விழாவுக்கு 12 நாள் இருக்கையில் முதன்மை மைதானத்தின் அருகே நடைமேம்பாலம் இடிந்தது. கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்றுக்குப் பல ஆயிரம் என்று பத்திரிகைகள் எழுதின. அதுவும் அவசரத்தின் விலைதான், திருட்டு அதற்குள் ஒளிந்துகொண்டது. தேதி நெருங்கும்போது டெண்டர் கேட்க நேரமில்லை என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2026 போட்டியை ஏற்றிருந்தது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 600 கோடியைத் தாண்டும் என்று தெரிந்ததும் 2023 ஜூலையில் "எங்களால் முடியாது" என்று கையை உதறிவிட்டது. உதறியதற்கு 38 கோடி நஷ்டஈடு. கல்யாணத்தை நிறுத்திப் பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்த கதை, ஆனாலும் லாபம். இப்போது கிளாஸ்கோ பத்து விளையாட்டுகளோடு சுருக்கி நடத்தப்போகிறது.

இலங்கையின் அம்பாந்தோட்டை 2018 போட்டிக்குக் கேட்டு 43க்கு 27 என்ற வாக்கில் கோல்ட் கோஸ்டிடம் தோற்றது பலருக்கு நினைவிருக்காது. அந்தத் தோல்விக்கு அந்நாட்டுக் கருவூலம் வருடா வருடம் பொங்கல் வைக்கலாம்.

மாமல்லபுரம் 2022 செஸ் ஒலிம்பியாடைச் சேர்க்கச் சொல்கிறார் ஒருவர். சேர்க்கலாம், ஆனால் அதற்கு வேண்டியது மேசையும் நாற்காலியும். ரஷ்யாவிடமிருந்து பறித்த போட்டியை நான்கே மாதத்தில், ஒரு ஹோட்டல் வளாகத்தில், முதலில் ஒதுக்கிய 92 கோடி ரூபாயில் தொடங்கி நடத்தினார்கள். சதுரங்கக் கட்டம் பூசிய நேப்பியர் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டவர்களின் பெட்ரோல் செலவு தனி.

14 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பி பொறுமையாகக் காத்திருக்கிறார். அமெரிக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

2026 கோப்பைக்கு 16 நகரங்கள், 104 ஆட்டங்கள், அதற்கென்று புதிதாகக் கட்டிய மைதானம் ஒன்றுகூட இல்லை. எனவே நடத்துபவருக்குச் செலவு குறைவு. டிக்கெட்டும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்? போட்டியைக் கேட்டபோது கொடுத்த ஆவணத்தில் முதல் சுற்றின் மிகக் குறைந்த டிக்கெட் 21 டாலர், இறுதி ஆட்டத்தின் மிக உயர்ந்தது 1,550 என்று இருந்தது. இந்தச் செப்டம்பரில் தொடங்கிய விற்பனையில் 60 முதல் 6,730 வரை. தேவையைப் பார்த்து ஏறி இறங்கும் விலை வேறு. அணிகளின் ரசிகர்களுக்கு ஒதுக்கியதில் இறுதி ஆட்டத்தின் மிகக் குறைந்த விலையே 4,000 டாலருக்கு மேல். வாங்கியதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தளத்திலேயே விற்றால் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். கத்தாரில் இறுதி ஆட்டத்தின் முதல் வகுப்பே 5,850 ரியால், அதாவது 1,600 டாலர்தான். உள்ளூர்க்காரருக்கு 750 ரியால்.

கத்தாரில் எரிவாயு விற்ற பணம் செலவைக் கட்டியது, நான் 40 ரியாலுக்கு உட்கார்ந்தேன். அமெரிக்காவில் யாரும் கட்டவில்லை, உட்காருபவர் கட்டுகிறார். டிக்கெட் வருமானம் இரண்டு இடத்திலும் போவது ஃபிஃபாவுக்கு. 2022இல் முடிந்த நான்காண்டில் அதன் வருமானம் 750 கோடி டாலருக்கு மேல். கோப்பையை வென்ற அர்ஜென்டினாவுக்குப் பரிசு 4.2 கோடி.

விசாவுக்கு 185 டாலர், திரும்பக் கிடைக்காது. சென்னைக்கு இரண்டு நடை. விமானம், அறை எல்லாம் சேர்த்தால் முதல் சுற்றில் இரண்டு ஆட்டத்துக்கு நான்கு லட்சத்துக்குக் குறைந்து வராது என்பது என் மதிப்பீடு. பில் போட்டவன் மதிப்பீடு, பத்து சதவீதம் கூடும்.

17 டிசம்பர்

நேற்று 60 டாலர் டிக்கெட்டை எல்லா ஆட்டங்களுக்கும் அறிவித்துவிட்டார்களே என்று ஐந்து பேர் சுட்டி அனுப்பிவிட்டீர்கள். படியுங்கள். ஆடும் அணிகளின் சங்கங்கள் வழியாக, ஓர் ஆட்டத்துக்கு அணிக்குச் சில நூறு மட்டும். இந்தியா ஆடாத கோப்பையில் நமக்கு எந்தச் சங்கம்?

3 ஜனவரி 2026

இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, வேறோர் இழையில் 974 மைதானத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். பிரிக்கத்தக்கதாகக் கட்டினார்கள், பிரிக்கப்போவதாகச் சொன்னார்கள், கன்டெய்னர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. போன மாத அரபுக் கோப்பையில் அங்கே ஆட்டம் நடந்தது.

இரண்டாவது, டாம்பர். புத்தாண்டுக்கு அரியலூர்க்காரர் தோஹாவிலிருந்து பேசினார். இப்போது ஸ்டோர் அவர் பொறுப்பு, சம்பளம் 1,800. இந்த இழையைப் படித்துக் காட்டினேன். கோப்பையின்போது சனையா என்ற தொழிற்பேட்டைப் பக்கம் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் தொழிலாளருக்காக வைத்த பெரிய திரையில்தான் எல்லா ஆட்டமும் பார்த்தார், இலவசமாக. "உங்களைவிட நான்தான் மலிவாகப் பார்த்தேன், உங்கள் கணக்கு தப்பு" என்றார். பிறகு, 14 பெட்டியும் சும்மா கிடந்ததாக எழுதியது பாதிக் கதைதானாம். நான் கிளம்பிய பிறகு மூன்று பெட்டியை ஒரு பள்ளிக்கூட வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதி 11 பெட்டியையும் சென்ற ஆண்டு பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். பெட்டிப் பலகையை அவர் வேண்டாம் என்றதால், அதில் இவர் ஸ்டோருக்கு இரண்டு அலமாரி அடித்துக்கொண்டார்.